ஐந்து தடவை தப்பு, பத்து நிமிடம் வெளியே!

இணையத்தில் புதிதாக ஒரு சர்வரை இணைத்து வையுங்கள். அதற்குப் பெயர் வைக்க வேண்டாம். யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விட வேண்டாம். இரவு தூங்கி, காலையில் எழுந்து அதன் பதிவேட்டைத் திறந்தால், முன்பின் தெரியாதவர்கள் உள்ளே நுழையப் பார்த்த தடயம் வரி வரியாகக் கிடக்கும். 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி, கைக்கு வந்த கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

சர்வர் என்பது மற்ற கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுப்பதற்காக இரவும் பகலும் விழித்திருக்கும் கணினி. தேர்வு முடிவு பார்ப்பதும், ரயிலில் இடம் இருக்கிறதா என்று தேடுவதும் ஏதோ ஒரு சர்வரிடம் கேட்டு வாங்கும் பதில்தான். அப்படிப்பட்ட சர்வரை யாராவது உடைக்கப் பார்ப்பது புரிகிறது. ஆனால் நேற்றுப் பிறந்த, ஒன்றுமே இல்லாத சர்வரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

429 கோடிக் கதவுகள்

இணையத்தில் இருக்கும் கணினிகளை அடையாளம் காட்டுவது ஐ.பி. முகவரி என்னும் எண். பழைய வகை முகவரியில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை வரலாம். எடுத்துக்காட்டு: 203.0.113.7. இதைத் தேடிப் போனால் எந்தக் கணினியும் அகப்படாது. பாடங்களிலும் புத்தகங்களிலும் காட்டுவதற்கென்றே சில எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இது அவற்றில் ஒன்று.

256-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். 256 × 256 × 256 × 256 = 4,29,49,67,296. சுமார் 429 கோடி முகவரிகள்!

நமக்கு இது மலைப்பான எண். கணினிக்கு அப்படியில்லை. 2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'இசட்மேப்' என்ற நிரலை வெளியிட்டார்கள். வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியை வைத்துக்கொண்டு, 45 நிமிடத்துக்குள் இத்தனை முகவரிகளையும் ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். அவர்கள் செய்தது ஆராய்ச்சிக்காக. கெட்ட எண்ணம் உள்ளவர்களுக்கும் இதே வித்தை தெரியும்.

ஆகவே உங்கள் சர்வரை யாரும் குறிவைத்துத் தேடி வரவில்லை. இருக்கும் எண்களையெல்லாம் வரிசையாகத் தட்டுகிறார்கள். எது பதில் சொல்கிறதோ அங்கே நின்று கடவுச்சொல் விளையாட்டைத் தொடங்குகிறார்கள்.

தட்டுவது யார்?

பெரும்பாலும் மனிதர்கள் இல்லை. 'பாட்' எனப்படும் தானியங்கி நிரல்கள்தான் தட்டுகின்றன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த நிரல் ஓடும் கருவியின் சொந்தக்காரருக்கே பெரும்பாலும் விஷயம் தெரியாது.

2016-இல் 'மிராய்' என்ற தீய நிரல் பரவியது. அது குறிவைத்தவை கண்காணிப்புக் கேமராக்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள். தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லைப் பலர் மாற்றாமலே விட்டிருந்தார்கள். மிராயிடம் அப்படிப்பட்ட பெயர், கடவுச்சொல் ஜோடிகள் 60-க்கும் மேல் பட்டியலாக இருந்தன. அவ்வளவுதான் அதன் ஆயுதம்! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே நுழையும். நுழைந்த கருவியும் உடனே மற்றவர்களைத் தட்டக் கிளம்பிவிடும்.

அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இப்படிச் சிக்கிய கருவிகளைக் கூட்டமாக ஏவி 'டைன்' என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் திணறடித்தார்கள். இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரி எண்ணை எடுத்துக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் பணி. அது திணறியதும் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்கும் திறக்காமல் போயின.

இதை மறந்துவிடாதீர்கள்: தொல்லை தரும் முகவரிக்குப் பின்னால் இருப்பது கெட்டவராக இருக்கலாம், கடவுச்சொல்லை மாற்ற மறந்த ஓர் அப்பாவியின் கேமராவாகவும் இருக்கலாம்.

காவலாளிக்குத் தெரியாத ரகசியம்

கணினிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலமும் ஒரு தபால் உறை மாதிரி. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, உள்ளே எந்த நிரலுக்கு என்பதைச் சொல்லும் 'போர்ட்' எண், எல்லாம் உறையின் மேல் எழுதியிருக்கும்.

சர்வரில் இந்த உறைகளைப் பார்த்து உள்ளே விடும் காவலாளிதான் ஃபயர்வால். லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள சர்வர்களில் இது அந்த இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே இருக்கிறது. 'ஐபி டேபிள்ஸ்' என்ற கருவியை வைத்து அதற்கு விதிகள் சொல்லலாம். 2014 முதல் 'என்.எஃப். டேபிள்ஸ்' என்ற புதிய கருவியும் உண்டு. "203.0.113.7-இலிருந்து எது வந்தாலும் விடாதே" என்று ஒரு விதி எழுதினால் போதும். அந்த உறை எந்த நிரலையும் எட்டாது.

அப்படியானால் கடவுச்சொல்லைத் தப்பாகப் போடுகிறவர்களை ஃபயர்வாலே பார்த்துப் பிடித்துவிடலாமே?

முடியாது. காரணம் அறிய 1995-ஆம் ஆண்டு பின்லாந்துக்குப் போக வேண்டும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து, போகிற வருகிற கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அந்நாளில் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவிய 'டெல்நெட்' போன்ற நிரல்களில் கடவுச்சொல் மூடி மறைக்காமல் அப்படியே போகும். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனென் இதற்கு மாற்றாக 'எஸ்.எஸ்.எச்.' என்ற முறையை உருவாக்கினார். இதில் எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகும். டெல்நெட்டின் போர்ட் எண் 23. கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21. நடுவில் காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டு வாங்கினார். இன்றும் எஸ்.எஸ்.எச். சர்வர் வழக்கமாகக் காத்திருப்பது 22-ஆம் போர்ட்டில்தான்.

மறையாக்கம் திருடனின் கண்ணைக் கட்டியது. கூடவே ஃபயர்வாலின் கண்ணையும் கட்டியது! உறையின் மேல் இருப்பதுதான் அதற்குத் தெரியும். உள்ளே இருப்பது சரியான கடவுச்சொல்லா, தப்பானதா என்று தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள், உறையைப் பிரித்துப் படிக்கும் எஸ்.எஸ்.எச். நிரல். அது ஒவ்வொரு தோல்வியையும் பதிவேட்டில் எழுதி வைக்கும். ஆனால் வருகிறவரைத் தடுப்பது அதன் முக்கிய வேலை இல்லை.

ஒருவருக்கு விஷயம் தெரியும். தடுக்கும் வேலை இல்லை. இன்னொருவரால் தடுக்க முடியும், விஷயம் தெரியாது. இருவரையும் சேர்த்து வைக்க ஒரு மூன்றாம் ஆள் வேண்டுமல்லவா?

பதிவேடு படிக்கும் நிரல்

அந்த மூன்றாம் ஆள்தான் 'ஃபெயில்டூபேன்'. 2004-இல் சிரில் ஜாக்கியே என்பவர் பைத்தான் மொழியில் எழுதிய நிரல். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம். இதைப் போல வேறு சில நிரல்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே.

இப்போது நீங்களே அந்த நிரலாக மாறுங்கள். கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டை எளிமையாக்கித் தருகிறேன்.

02:14:05 | 203.0.113.7 | ரூட் | தவறு
02:14:07 | 203.0.113.7 | அட்மின் | தவறு
02:14:08 | 198.51.100.20 | மீனா | தவறு
02:14:09 | 203.0.113.7 | டெஸ்ட் | தவறு
02:14:12 | 203.0.113.7 | ரூட் | தவறு
02:14:20 | 198.51.100.20 | மீனா | சரி
02:14:21 | 203.0.113.7 | பை | தவறு

விதி மூன்றே எண்கள். எத்தனை தவறு? ஐந்து. எவ்வளவு நேரத்துக்குள்? பத்து நிமிடம். தடை எவ்வளவு நேரம்? பத்து நிமிடம். ஃபெயில்டூபேனை நிறுவும்போது அதில் இருக்கும் இயல்பான அளவும் இதுவே, வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

203.0.113.7 என்ற முகவரிக்கு எதிரே ஒவ்வொரு தவறுக்கும் ஒரு கோடு போடுங்கள். 02:14:21-க்கு ஐந்தாவது கோடு விழும். உடனே ஃபயர்வாலிடம் சொல்ல வேண்டும்: "இந்த முகவரியை விடாதே!" 02:24:21 ஆனதும் மறுபடி சொல்ல வேண்டும்: "சரி, தடையை எடுத்துவிடு."

மீனா? அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டிவிட்டு, அடுத்த தடவை சரியாகப் போட்டுவிட்டார். நம் எல்லாருக்கும் நடப்பதுதான். அதனால்தான் முதல் தவறிலேயே யாரையும் தடுப்பதில்லை.

கடைசி வரியில் 'பை' என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது சும்மா வந்ததல்ல. 'ராஸ்பெர்ரி பை' என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் முன்பெல்லாம் எல்லாருக்கும் பொதுவாக அந்தப் பயனர் பெயர்தான் இருந்தது. கடவுச்சொல்லும் எல்லாருக்கும் ஒன்றே. 2022 ஏப்ரலில் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். பாட்கள் இன்னும் அதைப் பட்டியலில் வைத்திருக்கின்றன.

திருடன் பொய்யான அனுப்புநர் முகவரியை எழுதி, அப்பாவி ஒருவரை மாட்டிவிட்டால்? நல்ல சந்தேகம். கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே இரு கணினிகளும் மூன்று செய்தி பரிமாறிக்கொள்ளும். "பேசலாமா?" என்று ஒன்று கேட்கும். "பேசலாம், நீ தயாரா?" என்று மற்றது கேட்கும். "தயார்" என்று முதலாவது பதில் சொல்ல வேண்டும். அனுப்புநர் முகவரி பொய்யாக இருந்தால் நடுவில் உள்ள பதில் வேறு யாருக்கோ போய்விடும், பேச்சே தொடங்காது. ஆகவே கடவுச்சொல் கேட்கும் கட்டம் வரை வந்த முகவரியை நம்பலாம்.

பத்து நிமிடம் போதுமா?

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்துவிட்டு வெறும் பத்து நிமிடத்தில் விட்டுவிடுவதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான்கு இலக்கக் கடவு எண் ஒன்று இருக்கிறது. 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 வாய்ப்பு. தடையே இல்லாமல், நொடிக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் 10,000 நொடியில் எல்லாம் முடியும். அதாவது 2 மணி 46 நிமிடம் 40 நொடி. இரவு உணவுக்குப் பிறகு தொடங்கினால் நள்ளிரவுக்குள் முடிந்துவிடும்.

ஐந்து தவறுக்குப் பத்து நிமிடத் தடை என்று வையுங்கள். 10,000-ஐ ஐந்தைந்தாகப் பிரித்தால் 2,000 கட்டம். கட்டத்துக்குப் பத்து நிமிடம் என்றால் 20,000 நிமிடம். கிட்டத்தட்ட 14 நாள்!

கடவு எண்ணுக்குப் பதிலாக எட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளைத் தாறுமாறாகக் கோத்துக் கடவுச்சொல் வைத்தால்? 26-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். சுமார் 20,883 கோடி வாய்ப்பு. அதே தடையோடு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க ஏறத்தாழ 7 லட்சத்து 94 ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

பூட்டு உடையாமல் இருப்பது தடையால் அல்ல. தடை செய்வது ஒன்றுதான்: திருடனின் நேரத்தைத் தின்பது. அதற்கு நிரந்தரத் தடை தேவையில்லை. பத்து நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து ஆண்டுகளாகிவிடுகின்றன. கேமராவின் கடவுச்சொல்லை மாற்ற மறந்த அப்பாவிக்கும் நாளைக்குக் கதவு திறக்கும்.

நேரத்தைத் தின்ன இன்னொரு வழியும் உண்டு. தடுக்கும்போது "அனுமதி இல்லை" என்று பதில் அனுப்பலாம். அல்லது ஒன்றுமே சொல்லாமல் உறையைத் தூக்கிப் போட்டுவிடலாம். இரண்டாவது வழியில், பதில் வருமா வருமா என்று பாட் காத்துக் கிடக்கும்.

பாட்டின் தந்திரம்

எதிராளியும் கணக்குத் தெரிந்தவர்தான். ஒரே முகவரியிலிருந்து தட்டினால் நேரம் போகிறதா? ஆயிரம் கருவிகளை ஏவலாமே! ஒவ்வொன்றும் ஐந்து தடவை போட்டால் 5,000 முயற்சி. எல்லாமே தடைபடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஐந்தைந்து. 10,000 முடிந்தது! பதினான்கு நாள் வேலை பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிந்துவிடும்.

அதே ஆயிரம் கருவிகள் எட்டு எழுத்துக் கடவுச்சொல்லை முழுதாக அலச எத்தனை ஆண்டாகும்? சுமார் 794. பார்த்தீர்களா, தடை மட்டும் போதாது. நல்ல கடவுச்சொல் இருந்தால்தான் தடைக்கே பலம். '123456' என்று வைத்திருந்தால் பாட் முதல் ஐந்துக்குள்ளேயே அதைப் போட்டுவிடும். தடைக்கு வேலையே இருக்காது.

இதனால்தான் சர்வரைப் பராமரிப்பவர்கள் பலர் எஸ்.எஸ்.எச்.சில் கடவுச்சொல்லையே நிறுத்திவிட்டு, 'சாவிக் கோப்பு' வைத்துக்கொள்கிறார்கள். சாவி ஜோடியாக இருக்கும். பொதுச் சாவி சர்வரில். ரகசியச் சாவி நம் கணினியில். ரகசியச் சாவி நம் கணினியை விட்டு வெளியே போகாது. அதை ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியம் இல்லை.

பட்டியல் நீண்டால்?

தடைப் பட்டியலில் ஒரு லட்சம் முகவரி சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒவ்வோர் உறை வரும்போதும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒப்பிட்டால் சர்வர் களைத்துவிடும். அதற்கும் கணக்குதான் கைகொடுக்கிறது. முகவரியை ஒரே பெரிய எண்ணாக மாற்றி, அதை 1,000-ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 999 வரை ஏதாவது ஒன்று வரும். அந்த மீதிதான் பெட்டி எண். ஒரு லட்சம் முகவரிகளும் ஆயிரம் பெட்டிகளில் ஓரளவு சமமாகப் பரவினால், பெட்டிக்கு நூறு. புதிதாக வந்த முகவரிக்கும் மீதி கண்டுபிடித்து, அந்த ஒரு பெட்டியை மட்டும் திறந்தால் போதும். லினக்ஸில் 'ஐபி செட்' என்ற வசதி இதே வழியில் இன்னும் நுட்பமாக வேலை செய்கிறது.

தடுக்கும்போது கவனம்

கைப்பேசி நிறுவனங்கள் பலவற்றில் வாடிக்கையாளர் பலர் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் செய்த குறும்புக்காக அந்த முகவரியைத் தடுத்தால் எல்லாருக்கும் கதவு சாத்தப்படும். தடை குறுகிய நேரமாக இருப்பது இங்கேயும் நல்லது.

புதிய வகை ஐ.பி. முகவரியில் சிக்கல் நேர் எதிர். அங்கே ஒரு வீட்டு இணைப்புக்கே வழக்கமாக 20 இலக்க எண் அளவுக்கு முகவரிகள் கிடைக்கும். ஒன்றைத் தடுத்தால் அடுத்ததை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே தனி முகவரியைத் தடுப்பதைவிட, அந்த இணைப்புக்கு ஒதுக்கிய தொகுதி முழுவதையும் தடுப்பதே பயன் தரும்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவரே கடவுச்சொல்லை மறந்து ஐந்து தடவை தப்பாகப் போட்டால், அவரும் வெளியேதான்! நிரலுக்கு முகதாட்சணியம் கிடையாது. அதனால் 'இந்த முகவரியை ஒருபோதும் தடுக்காதே' என்று தனிப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே எழுதி வைப்பார்கள்.

திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு மட்டும் தடை நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகலாம்: 10, 20, 40, 80 நிமிடம்... முதல் நாளில் அப்படிப்பட்ட முகவரியால் எட்டுக் கட்டம்தான், அதாவது 40 முயற்சிதான் செய்ய முடியும். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

வகுப்பில் விளையாடுங்கள்

ஒருவர் சர்வர். 00 முதல் 99 வரை ஓர் எண்ணை மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பதிவேடு, ஒருவர் ஃபயர்வால். மற்றவர்களுக்கு 203.0.113.1, 203.0.113.2 என்று சீட்டு எழுதிக் கொடுங்கள். முறை வைத்து ஒவ்வொருவராக எண்ணை ஊகிக்கட்டும்.

முதல் ஆட்டம் தடை இல்லாமல். இரண்டாவது ஆட்டத்தில், ஒரு சீட்டுக்கு மூன்று தவறானால் ஐந்து சுற்று உட்கார வேண்டும். எந்த ஆட்டம் எத்தனை சுற்று நீடித்தது என்று கரும்பலகையில் எழுதுங்கள். மூன்றாவது ஆட்டத்தில் மூன்று பேருக்கு ஒரே எண்ணுள்ள சீட்டைக் கொடுங்கள். ஒரே ஒரு தவறு செய்தவரும் மற்ற இருவர் செய்த தவறால் உட்கார வேண்டி வரும். அவர் போடும் சண்டையிலிருந்து நிறையக் கற்றுக்கொள்ளலாம்!

விளையாட்டு வகுப்போடு இருக்கட்டும். அடுத்தவர் கணினியில் அனுமதியின்றி நுழையப் பார்ப்பது இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி குற்றம்.

மூளைக்கு வேலை

பத்து நிமிடத்துக்குள் ஐந்து தவறு செய்தால்தானே தடை? புத்திசாலி பாட் ஒன்று, பத்து நிமிடத்துக்கு நான்கே முயற்சி என்று நிதானமாகப் போகிறது. ஒருபோதும் மாட்டாது. நான்கு இலக்கக் கடவு எண் முழுவதையும் அது பார்த்து முடிக்க எத்தனை நாள் ஆகும்? ஐந்தைந்தாகப் போட்டு மாட்டிக்கொண்டே இருக்கும் முட்டாள் பாட்டைவிட இது வேகமா?

விடை: ஒரு நாளில் பத்து நிமிடங்கள் 144. நாளுக்கு 4 × 144 = 576 முயற்சி. 10,000-ஐ முடிக்கப் பதினேழு நாளுக்குச் சற்றுக் கூடுதல். மாட்டிக்கொள்ளும் பாட்டுக்கோ பதினான்கு நாள். தடைக்குப் பயந்து ஒளிந்தாலும், தடைபட்டு வெளியே நின்றாலும், நேரம் போவது பாட்டுக்குத்தான்.